வாளும் உழவாரமும்

திருச்சிற்றம்பலம்



அறுபத்துமூவர் திருவுலாவைக் கண்குளிரக் கண்டு வணங்கிய பின் நாம் இங்கே கூடியிருக்கின்றோம். அவ்வுலாவில் எழுந்தருளிய பெருமக்களை ஒருமுறை நெஞ்சில் நிறுத்திப் பார்ப்போம். குயவர் ஒருவர், பரதவர் ஒருவர், வேடர் ஒருவர், வண்ணார் ஒருவர் அங்கே எழுந்தருளினர். அவர்களோடு முடிமன்னர் சிலர், அரசமாதேவி ஒருவர், அமைச்சர் ஒருவர், படைத்தலைவர் சிலர். முடி சூடிய தலையும் மண் பிசைந்த கையும் ஒரே வரிசையில் நம் வணக்கத்தைப் பெற்றன.

இவ்வரிசையில் மன்னர்கள் இடம்பெற்றது எதனால்? நாடு பிடித்ததனாலா? பகைவர் நகரைச் சுட்டதனாலா? அல்லது வேறு காரணம் உண்டா? இவ்வினாவையே இன்றைய சிந்தனைக்குப் பொருளாகக் கொள்வோம். இதற்கு விடை காண, அப்பரும் சம்பந்தரும் இம்மண்ணில் நடந்த ஏழாம் நூற்றாண்டிற்குச் சற்றே சென்று வருதல் வேண்டும்.

உலகெங்கும் வாள்

ஏழாம் நூற்றாண்டு, உலகம் முழுவதும் அரசும் சமயமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பெரும்போர் புரிந்த காலமாகும். மேற்கே உரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியும் பாரசீகப் பேரரசும் கி.பி. 602 முதல் 628 வரை ஓயாது பொருதன. 614இல் பாரசீகர் எருசலேம் நகரைக் கைப்பற்றி, கிறித்தவர் உயிரினும் மேலாகப் போற்றிய சிலுவையைக் கவர்ந்து சென்றனர். எரகிலியசு என்னும் உரோமப் பேரரசன் பாரசீகரை வென்று அச்சிலுவையை மீட்டு, 630ஆம் ஆண்டளவில் எருசலேமில் மீண்டும் நிறுவினான். சமயம் வென்றது என்று மக்கள் மகிழ்ந்தனர். ஆயினும் பத்தாண்டும் முழுதாகக் கழியவில்லை. அந்நகர் அரேபியரின் கலீபா உமரிடம் பணிந்தது. பாரசீகத்தின் கடைசிப் பேரரசன் 651இல் கொல்லப்பட்டான். கால் நூற்றாண்டுக் காலம் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட இரு பேரரசுகளில், ஒன்று முற்றும் மறைந்தது. மற்றொன்று தன் நிலப்பரப்பிற் பெரும்பகுதியை இழந்தது.

சீன நாட்டில் 618இல் தாங் மரபு அரசு கட்டில் ஏறியது. வடபுலத்தில் கன்னோசியைத் தலைநகராகக் கொண்டு 606 முதல் 647 வரை ஆண்டவன் அர்ச்சன். அவன் தந்தை கதிரவனை வழிபட்டவர். தமையன் புத்தரை வழிபட்டவன். அர்ச்சனோ தன் செப்பேடுகளில் தன்னைப் 'பரம மாகேசுவரன்' என்று குறித்துக்கொண்டவன். பின்னாளில் பௌத்தத்தையும் பெரிதும் பேணினான். பிரயாகையில் அவன் கூட்டிய பேரவையில் முதல் நாள் புத்தர் திருவுருவத்துக்கும், இரண்டாம் நாள் ஆதித்தனுக்கும், மூன்றாம் நாள் ஈசனுக்கும் சிறப்புச் செய்தான் என்று சீனப் பயணியாகிய யுவான் சுவாங் எழுதுகிறார். ஒரு குடும்பத்தில் மூன்று வழிபாடுகள் அமைதியாக வாழ இயன்றதும் அதே காலத்தில்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

கச்சி மாநகர்

யுவான் சுவாங் ஏறத்தாழ 640ஆம் ஆண்டளவில் நம் காஞ்சிக்கும் வந்தார். அவர் காலத்துக் காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்தன. பதினாயிரம் துறவியர் வாழ்ந்தனர். தேவர் கோயில்கள் எண்பது. சமணரும் மிகப் பலர். இது அவர் தரும் கணக்கு. நாளந்தாவில் தலைமை ஆசானாக விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்பதையும் அவரே குறித்துள்ளார்.

சமணமும் நேற்று வந்து புகுந்ததன்று. கி.பி. 458இல் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், பாடலி என்னும் ஊரிலிருந்து சருவநந்தி என்னும் சமண முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலை இயற்றினார். அப்பாடலி நம் திருப்பாதிரிப்புலியூர் என்பர். அங்கே சமணரின் பெரிய கல்விக்கூடம் இருந்தது. திருவாமூர் வேளாளர் குலத்திற் பிறந்த மருள்நீக்கியார் அறிவு தேடிச் சென்றதும், தருமசேனர் என்னும் பட்டத்தோடு தலைவராய் வீற்றிருந்ததும் அவ்விடத்திலேயேயாம்.

எனவே, அக்காலத் தமிழகத்தில் சைவம் தனியரசு செலுத்தவில்லை. கற்றோர் அவையிலும் அரசவையிலும் வேறு சமயத்தார் வலிமையுற்றிருந்தனர். இந்த நிலையில்தான் தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுக்கிட்டும் மாலை தொடுத்தும் தம்பியின் மீட்சிக்காக இறைவனை வேண்டிக் காத்திருந்தார். அவர் மணம் செய்யப் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் அரசன் ஏவலாற் போருக்குச் சென்று களத்தில் உயிர் துறந்தவர். அன்பர்களே! நாவுக்கரசரின் வரலாறே போர் ஒன்றில் கணவராக வரவிருந்தவரை இழந்த ஒரு பெண்மணியின் துயரத்திலிருந்து தொடங்குகிறது. அத்துயரத்தை அவர் பகையாக மாற்றிக்கொள்ளவில்லை, திருத்தொண்டாக மாற்றிக்கொண்டார்.

கல்லைக் குடைந்த மன்னன்

அக்காலத்துக் காஞ்சி மன்னன் மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 630 வரை ஆண்டவன். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சித்திரகாரப்புலி எனப் பல விருதுப் பெயர்களைச் சூடியவன். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் கோயில் எடுத்தேன் என்று வியப்போடு கல்லிற் பொறித்தான். அழியும் பொருள்களை விலக்கி, மலையையே கோயிலாகக் குடையும் பணியைத் தமிழகத்தில் பெருக்கியவன் அவனே.

அவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகம் இன்றும் கிடைக்கின்றது. காஞ்சித் தெருவில் கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி ஒருவர்மேல் பழி சுமத்துகிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். கடைசியில், அதனை நாயொன்று கவ்விச் சென்ற செய்தி வெளிப்பட, பித்தன் ஒருவன் கையிலிருந்து கபாலம் மீள்கின்றது. பௌத்தரை மட்டும் நகையாடியிருந்தால் அது பகைவனின் நூலாகும். சிவன் பேர் சொல்லித் திரிந்த வேடதாரிகளையும் அவன் விடவில்லை. அரசன் ஒருவன் தன் காலத்துச் சமயவாழ்வின் போலிமைகளைக் கூர்ந்து கண்டிருந்தான் என்பதற்கு அந்நாடகம் சான்று.

நாவுக்கரசர் சூலைநோய் நீங்கிச் சிவனடி சேர்ந்தபோது, சமணர் சொற்கேட்டு அவரைத் தன்முன் வருமாறு அழைத்த பல்லவன் இம்மகேந்திரனே என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அழைக்க வந்த அமைச்சரிடம் நாவுக்கரசர் விடையாகப் பாடியருளியது மறுமாற்றத் திருத்தாண்டகம். இறைவனுக்கு ஆட்பட்டவர் பிறர் ஆணைக்கு அஞ்சார் என்பது அதன் உட்பொருள். கையிற் படையில்லை, பின்னாற் சுற்றமில்லை, அரசனுக்கு மறுப்புச் சொல்லும் துணிவு மட்டும் இருந்தது. பின் நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு பிணித்துக் கடலில் இடுதல் என்று அரசாணை கொடுமைமேற் கொடுமையாக வந்ததைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. துன்புறுத்திய அரசனை நாவுக்கரசர் திருப்பித் தாக்கச் சொல்லவில்லை; சாபமிடவும் இல்லை. யானையைத் தடுக்க மற்றொரு யானையை அழைக்கவில்லை. பாடினார்; கரையேறினார்; திருவதிகைக்கு நடந்தார். அந்த உறுதியைக் கண்டே மன்னன் மனம் மாறினான் என்பது புராணம். திருச்சிராப்பள்ளி மலைக்குடைவரையில் உள்ள கல்வெட்டும், குணபரன் என்னும் அரசன் மாறுபட்ட ஒழுக்கத்தினின்றும் நீங்கி இலிங்கத்தைச் சார்ந்ததைக் குறிப்பாற் கூறுகின்றது.

மனம் மாறிய மன்னன் என்ன செய்தான்? பாடலியில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றின் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். அரசன் சமயம் மாறினான். அரசனின் வழக்கம் மாறவில்லை. நேற்று ஒருவரை நீற்றறையில் இட்ட கை இன்று வேறொருவரின் பள்ளியை இடித்தது. ஆனால் நாவுக்கரசர் அவ்வரசனின் அவையில் தங்கினாரில்லை. மன்னன் மனம் மாறியதனால் தமக்கு வரத்தக்க பதவியையும் பொருளையும் நாடாது, உழவாரத்தைத் தோளில் ஏந்தி ஊர் ஊராகப் புறப்பட்டார். வாளின் வழி ஒருபுறம். உழவாரத்தின் வழி ஒருபுறம். இரண்டும் பிரியுமிடம் இதுவேயாம்.

வாதாபியும் காஞ்சியும்

இனி அக்காலத்துப் பெரும்பகையைப் பார்ப்போம். வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி நருமதைக் கரையில் அர்ச்சனையே தடுத்து நிறுத்திய மாவீரன். அவன் தெற்கே படையெடுத்து வந்து, பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்தான் என்று ஐகொளே கல்வெட்டுப் பாடுகின்றது. 634ஆம் ஆண்டைச் சார்ந்த அக்கல்வெட்டைப் பாடியவர் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர். பல்லவர் தரப்புச் செப்பேடோ, மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று கூறும். அவரவர் கல்வெட்டில் அவரவர் வெற்றி!

மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன், மாமல்லன் என்னும் பெயருடையான், தந்தை காலத்துப் பழியைத் தீர்க்க எழுந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களில் புலிகேசியை முறியடித்தான். ஓடிய புலிகேசியின் முதுகாகிய செப்பேட்டில் வெற்றி என்னும் எழுத்தைப் பொறித்தான் என்று கூரம் செப்பேடு பெருமிதத்தோடு மொழிகின்றது. 642ஆம் ஆண்டளவில் வாதாபி வீழ்ந்தது. அந்நகரப் பாறையில் பல்லவன் தன் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைப் பொறித்தான்.

பகை அத்துடன் தீர்ந்ததா? தீரவில்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 655இல் தந்தையின் அரியணையை மீட்டான். பின்னர்க் காஞ்சியைக் கைப்பற்றி, 674இல் காவிரிக்கரை உறையூரில் பாசறை அமைத்துத் தங்கினான். நரசிம்மனின் பேரனாகிய பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் அவனை எதிர்த்து வென்றான். மீண்டும் எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். தந்தை தொடங்கியதை மகன் முடித்தான். மகன் முடித்ததைப் பகைவன் மகன் மீண்டும் தொடங்கினான்.

இப்போரைச் சமணத்துக்கும் சைவத்துக்கும் நடந்த போர் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது பொருந்தாது. காஞ்சியைக் கைப்பற்றிய முதலாம் விக்கிரமாதித்தன் 660ஆம் ஆண்டளவில் சைவ ஆசாரியரிடம் சிவமண்டல தீக்கை பெற்றவன். அவனுடைய செப்பேடே அதனைக் கூறுகின்றது. அவனை எதிர்த்த பரமேசுவரவர்மன் கூரத்தில் சிவன் கோயில் எடுத்து, அங்குள்ள மண்டபத்தில் பாரதம் படிக்க நிவந்தம் அளித்தவன். நெற்றியில் நீறணிந்த ஒருவன், நெற்றியில் நீறணிந்த மற்றொருவனை எதிர்த்துப் போரிட்டான். இருவரும் ஒரே பெருமானிடம் வெற்றியை வேண்டியிருப்பர். இறைவன் எப்பக்கம் நிற்பான்? மண்ணாசையால் விளைந்த போருக்கு இறைவன் பெயரைச் சூட்டுதல் அடியார்க்கு அழகன்று.

செங்காட்டங்குடி

வாதாபி வெற்றியோடு நமக்கு நெருங்கிய தொடர்புடையவர் ஒருவர் உண்டு. அவர் நம் உலாவிலும் எழுந்தருளினார். திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் தோன்றிய பரஞ்சோதியார் ஆயுள்வேதமும் வடநூலும் யானையேற்றமும் குதிரையேற்றமும் கற்றுத் தேர்ந்தவர். தம் மன்னனுக்காகப் படை நடத்திச் சென்று, தொன்மையான வாதாபி நகரைத் துகளாக்கி, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து மன்னன் முன் வைத்தார் என்கிறார் சேக்கிழார். அம்மன்னன் மாமல்லனே என்பது ஆய்வாளர் முடிபு. செங்காட்டங்குடிப் பிள்ளையார் வாதாபியிலிருந்து வந்தவர் என்று செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அது பெரியபுராணத்தில் இல்லை.

பெரியபுராணத்தில் உள்ளது அதனினும் அரியது. பரஞ்சோதியாரின் ஆற்றலைக் கண்டு மன்னன் வியக்கின்றான். அருகிருந்த அமைச்சர், அவர் சிவபெருமானுக்குத் திருத்தொண்டர். ஆதலால் அவரை எதிர்க்கவல்லார் இல்லை என்கின்றனர். அச்சொல்லைக் கேட்ட அளவில் மன்னன் மகிழவில்லை, நடுங்கினான்! சிவனடியாரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்தி, அவரை வணங்கிப் பொறுத்தருள வேண்டினான். பரஞ்சோதியார், தம் குலத்துக்கு உரிய கடமையைத் தாம் செய்ததாகவும் அதில் தீங்கில்லை என்றும் பணிவோடு கூறினார். மன்னன் நிதியம் அளித்து, இனி அரச ஊழியம் வேண்டா, திருத்தொண்டே செய்க என விடைகொடுத்தான்.

ஊருக்குத் திரும்பிய படைத்தலைவர் கணபதீச்சரத்து இறைவனை வணங்கி, மனைவியார் திருவெண்காட்டு நங்கையாரோடு நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணும் நோன்பை மேற்கொண்டார். அடியார் முன்னே தம்மைச் சிறியராக்கி ஒழுகியதனால் சிறுத்தொண்டர் என்னும் பெயர் நிலைத்தது. திருஞானசம்பந்தர் அவ்வூருக்கு எழுந்தருளியபோது தம் பதிகத்தில் அப்பெயரையே வைத்துப் பாடியருளினார். வாதாபியை வென்றவர் என்ற அடைமொழியைக் கொண்டு பாடவில்லை.

மாமல்லன் வாதாபி கொண்டான். மாமல்லபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அறுபத்துமூவர் வரிசையில் மாமல்லன் இல்லை. அவனுக்காகப் போர் செய்தவர் இருக்கின்றார். அவரும் வாதாபிக்காக அங்கே இடம்பெற்றாரல்லர். பசித்து வந்தவர்க்கு இட்ட சோற்றுக்காகவே இடம்பெற்றார். பல்லவ மரபிலிருந்து நம் வரிசையில் வந்தவர்களுள் ஐயடிகள் காடவர்கோன் நாயனாரை நினையுங்கள். அவர் அரச பாரத்தை மகனிடம் இறக்கி வைத்துவிட்டுத் தலந்தோறும் சென்று வெண்பாப் பாடினார். அவர் வென்ற நாடுகளின் பட்டியலை யார் நினைக்கின்றோம்?

திருவாலவாய்

இனி மதுரைக்கு வருவோம். நின்றசீர் நெடுமாறர் நெல்வேலிப் போரை வென்றவர். சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருத்தொண்டத்தொகையில் அவ்வெற்றியைச் சுட்டியே அவரைக் குறிக்கின்றார். அரிகேசரி மாறவர்மன் எனச் செப்பேடுகள் கூறும் பாண்டியன் இவரே என்பர். வெற்றி அவருக்கு அடைமொழியாயிற்று என்பது உண்மை. எனினும், அவ்வெற்றி வீரரை நெறிப்படுத்தியவர்கள் யார்? சோழர் குலத்து மகளாய் வந்து மதுரையில் நீறணிந்த மங்கையர்க்கரசியாரும், அமைச்சர் குலச்சிறையாரும். கணவரும் அரசவையும் வேறு நெறியில் நின்றபோது, அவ்விருவரும் பொறுமையோடு தம் நெறியைப் பேணினர். மறைக்காட்டில் இருந்த சம்பந்தப் பிள்ளையாருக்குத் தூது விடுத்தனர். சம்பந்தர் ஆலவாய்ப் பதிகத்தில் புகழ்ந்து பாடியது அவ்விருவரையே. நம் உலாவிலும் மன்னரோடு அவர்கள் தனித்தனியே எழுந்தருளுகின்றனர்.

பிள்ளையார் தங்கிய திருமடத்திற்குத் தீ மூட்டப்பட்டது. அத்தீ மன்னனைச் சென்று சேர்க என்ற பிள்ளையார், அது மெல்லவே சென்று பற்றுமாறு அருளினார். அவ்வாறு அருளியதற்குச் சேக்கிழார் காரணம் கூறுகின்றார்: அரசியாரின் திருமாங்கலியம் காத்தற்கு, குலச்சிறையாரின் அன்பிற்கு, மன்னன் மீண்டும் சைவநெறி சேரும் பேறு உடையனாதற்கு. தீமை செய்தவன்பால் சினம் எழும்போதும், அவன் மனைவியை நினை, அவன் நண்பனை நினை, நாளை அவன் திருந்துவான் என்பதை நினை என்று நமக்குச் சொல்வது போன்றதன்றோ இது? பின்னர் அம்மன்னனின் வெப்புநோயைத் தீர்த்ததும் அதே கைகள் இட்ட திருநீறே.

அதனை அடுத்து வரும் கழுவேற்ற நிகழ்ச்சியைப் பேசாது கடத்தல் எளிது. ஆனால் அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்கும் வினா அது. விடை கூறுவது கடமை. எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் செய்தியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழார், வாதில் தோற்றால் கழுவேறுவோம் என்று அவர்களே உரைத்த சூளின் விளைவாக அமைக்கின்றார். சம்பந்தர் பகைமை இலராயினும், திருமடத்துக்குத் தீ வைத்த குற்றத்தை எண்ணி மன்னன் ஆணையைத் தடுக்காதிருந்தார் என்றும் கூறுகின்றார். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டோ செப்பேடோ இந்நிகழ்ச்சியைக் கூறவில்லை.

மாறாக, அடுத்த இரு நூற்றாண்டுகளில் பாண்டிநாட்டில் சமணம் வாழ்ந்ததற்குச் சான்றுகள் நிறைய உள. மதுரையை அடுத்த சமணமலையிலும் கழுகுமலையிலும் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் சித்தன்னவாசல் குகைக்கோயிலைப் புதுப்பித்தார். சிவபத்தியில் சிறந்தவன் எனப் போற்றப்படும் வரகுணபாண்டியனின் ஆட்சியாண்டு குறித்த ஐவர்மலைக் கல்வெட்டு, 870ஆம் ஆண்டில் சாந்திவீரக்குரவர் அங்குள்ள சமணத் திருமேனிகளைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்ததைக் கூறுகின்றது. நாயன்மார் நடந்த நாட்டில், சிவநேயச் செல்வன் ஆட்சியில், சமணர் தம் வழிபாட்டைச் செய்து வாழ்ந்தனர். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இன்றும் அவர்கள் வழிபாடு நடைபெறுகின்றது.

ஆகவே, எண்ணாயிரம் என்னும் தொகையைச் சொல்லி மார்தட்டுதல் நமக்கு வேண்டா. சைவம் வென்றது கழுமரத்தாலன்று. நோயுற்றவன் உடலில் நீறு பூசிய கருணையால் வென்றது. நாட்டு மக்கள் நாவில் இனிய தமிழாய்ப் புகுந்ததனால் வென்றது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவன் அளித்த படிக்காசைக் கொண்டு பசித்தார்க்கு அமுதளித்ததனால் வென்றது.

கற்றளியும் மனத்தளியும்

மாமல்லனுக்குப் பின் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் காஞ்சியில் கயிலாயநாதர் கோயிலை எடுத்தான். தான் சைவசித்தாந்த நெறியில் நடப்பவன் என்று அக்கோயிற் கல்வெட்டிலேயே பொறித்தவன் அவன். சில ஆண்டுகளில் பகைவனாகிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். நூறாண்டுப் பகை; வாதாபி எரிந்த நினைவு; கையில் வெற்றி; எதிரில் பல்லவன் கட்டிய செல்வம் நிறைந்த கோயில். என்ன செய்தான்? அக்கோயிற் பொருளைக் கவராது இறைவனுக்கே திருப்பி அளித்தான். அதனைக் கன்னட மொழியில் அக்கோயில் தூணிலேயே எழுதி வைத்தான். இன்றும் சென்று காணலாம். அவன் தேவி உலோகமாதேவி, கணவனின் வெற்றியை நினைந்து பட்டதக்கலில் சிவாலயம் ஒன்று எடுத்தாள். வாதாபியின் முதுகில் பல்லவன் எழுதிய எழுத்தினும், காஞ்சித் தூணில் சளுக்கியன் எழுதிய எழுத்தே நம் நெஞ்சில் நிற்கத்தக்கது.

அம்மாபெரும் கற்றளியைக் கட்டிய மன்னனை நினைக்குந்தோறும் நமக்குத் திருநின்றவூர்ப் பூசலார் நினைவு வருகின்றது. பொருள் தேடியும் கிடைக்காமல், மனத்திலேயே கல் சேர்த்து, சிற்பரை அழைத்து, நாள் பார்த்து ஆலயம் எடுத்தவர் அவர். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்குக்குக் குறித்த நாளிலேயே அவரும் நாள் குறித்தார். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நின்றவூரில் அன்பன் பூசல் எடுத்த ஆலயத்திற் புகுகின்றோம். நீ வேறு நாள் கொள்க என்றருளினான். மன்னன் தேடி வந்து அடியார் திருவடியில் விழுந்தான். அந்தக் காடவர்கோன் இராசசிம்மனே என்பர். கல்லாற் கட்டியவனுக்கு முன்னே உள்ளத்தாற் கட்டியவருக்கு முதலிடம் கிடைத்தது.

வாதாபிச் சளுக்கியர் ஆட்சி எட்டாம் நூற்றாண்டின் நடுவில் இராட்டிரகூடரால் முடிந்தது. பல்லவர் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழனால் முடிந்தது. ஒருவர் முதுகில் ஒருவர் வெற்றி எழுதிய இரு குலங்களும் மறைந்தன. அப்பர் சுமந்த உழவாரம் மறையவில்லை.

திருப்புகலூரில் நாவுக்கரசர் முதுமைப் பருவத்தில் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தார். புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றிச் சுடர்விட்டன. அவற்றிற்காகவே வாதாபி எரிந்தது. அவற்றிற்காகவே காஞ்சி முற்றுகையிடப்பட்டது. அவற்றிற்காகவே எருசலேமும் பாரசீகமும் குருதியில் நனைந்தன. நாவுக்கரசர் பருக்கைக் கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே கண்டார். உழவாரத்தில் ஏந்தி அவற்றைக் குளத்தில் எறிந்துவிட்டு, மீண்டும் புல் செதுக்கத் தொடங்கினார்.

அன்பர்களே! நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவேயாம். மன்னர் சிலர் நம் வரிசையில் வந்தது, முடியைத் தொண்டின் கீழ் வைத்ததனால். மற்றை மன்னர் வரலாற்று நூல்களில் இருக்கின்றனர். அவர்களை அறிதலும் நன்றே. ஆனால் அவர்களுடைய பகையை நாம் மரபுரிமையாகப் பெற வேண்டுவதில்லை. பிற சமயத்தவரை இகழ்தலால் நம் சமயம் ஓங்காது. நம் ஊரில் பசித்தவர் ஒருவர் உண்டால் அது ஓங்கும். நம் கோயில் மதிலில் முளைத்த செடியொன்றை நம் கையால் களைந்தால் அது ஓங்கும்.

திருவிழா நிறைவுறும் நாளில் இத்திருவீதிகளில் வாடிய மாலைகளும் எறிந்த இலைகளும் கிடக்கும். கோயில் பணியாளர் அகற்றட்டும் என்று நாம் வீடு சென்றுவிடலாகாது. விடியற்காலையில் துடைப்பமும் உழவாரமும் ஏந்தி வருவோம். திலகவதியார் அலகிட்டது போல ஒரு நாழிகை அலகிடுவோம். அறுபத்துமூவரைத் தோளில் சுமந்த நமக்கு, அவர்கள் செய்த தொண்டில் ஒரு சிறு பங்கேனும் கையிற் கிட்டுவதாகுக.

திருச்சிற்றம்பலம்